கால் படாத இடம்

மஞ்சள்தூள் இருந்தால் மஞ்சள்தூள். அது இல்லாவிட்டால் கோதுமை மா. மாவும் இல்லையென்றால் கையில் அகப்பட்ட எதுவோ. ஒரு காரியம் தொடங்குவதற்கு மச்சாள் பிள்ளையார் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். சின்னதாக ஒரு உருண்டை, மேலே கொஞ்சம் கூராக இழுத்துவிட்டு, தலையில் இரண்டு அறுகம்புல். அதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசையாமல் ஏதோ சொல்வார். பிறகுதான் வீட்டில் கார் வெளிக்கிடும், பெட்டி தூக்கப்படும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வாசல்படி இறங்கும்.

மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. செவன் கிங்ஸ் என்ற இங்கிலீசு ஊரில் ஒரு வரிசை வீட்டில் மச்சாளும் அவருடைய கணவரும் ஒரே மகள் ஆரணியும் இருந்தார்கள். மச்சாளின் கணவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். கலியாணம் கட்டி இலங்கையிலிருந்து நான் வந்து இறங்கியதும் அந்த வீட்டில்தான். மாசி மாதக் குளிர். கூறைச் சீலையோடு வாசலில் நிற்கிறேன், பல் கிடுகிடுக்கிறது. உள்ளே மச்சாள் ஆற அமர மஞ்சள் குழைக்கிறார். என் கணவர் பொறுமையிழந்து, "அக்கா, அவள் விறைச்சுச் சாகப் போறாள்!" என்று கத்தினார். மச்சாள் வெளியே ஓடிவந்து முன்வளவுப் புல்லில் இரண்டு இழை பிடுங்கினார்.

"அதிலை நாய் மூத்திரம் பெஞ்சிருக்கும்."

"எலியிலை வாறவர் நாய்க்குப் பயப்பிடுவாரே? நீ சும்மா இரடா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதுப்பொம்பிளை வாசலில் நின்று பல்லைக் காட்டலாமா என்று பயந்துபோய்ப் பார்த்தால், மச்சாளும் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

எனக்குச் சாமி பக்தியெல்லாம் மட்டுமட்டுத்தான். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் தேருக்குப் போனாலும் சீலை பார்க்கிற நேரம்தான் அதிகம். அதனால் மச்சாளை நான் வாய்க்கு வாய் சீண்டுவேன். அவர் கார் ஓட்டப் பழகிய காலத்தில் சோதனைக்குப் போகும்போதெல்லாம் காரின் முன்பலகையில் ஒரு மஞ்சள் உருண்டை இருக்கும். சோதனைக்கு வந்த வெள்ளைக்காரன் அது என்ன என்று கேட்க, "மை ஃப்ரெண்ட்" என்றாராம். அந்த முறையும் பெயில். "உங்கடை ஃப்ரெண்ட் என்ன செய்து கொண்டிருந்தவர்?" என்று கேட்டேன். மச்சாளுக்குக் கோபமே வரவில்லை. "அவர் என்ன செய்வார் பாவம். பிரேக்கை நான் எல்லோ அமத்தவேணும்" என்றார். அதுதான் மச்சாள். எது பிழைத்தாலும் பிள்ளையாரை ஒரு சொல் சொல்ல மாட்டார். பிழை தன்னுடையது, நல்லது நடந்தால் அவருடையது.

என் மூத்தவன் பிறக்கிற நேரம் நான் ஆஸ்பத்திரியில் நோவோடு கிடக்கிறேன். மச்சாள் வேலைக் கோட்டோடு கடையிலிருந்து நேரே ஓடிவந்திருந்தார். கையில் மஞ்சளும் இல்லை, மாவும் இல்லை. எனக்கு வந்த சாப்பாட்டுத் தட்டில் மசித்த உருளைக்கிழங்கு இருந்தது. அதைக் கிள்ளிப் பிள்ளையார் பிடித்துவிட்டார். தட்டை எடுக்க வந்த தாதியை மறித்துக்கொண்டு, "நொட் ஃபினிஷ்ட்! நொட் ஃபினிஷ்ட்!" என்று மச்சாள் நிற்க, நோவுக்குள்ளும் நான் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் நினைவிருக்கிறது. பிள்ளை சுகமாகப் பிறந்த பிறகுதான் அந்தத் தட்டு வெளியே போனது.

ஒருமுறை மட்டும் அவர் காரணம் சொன்னார். குசினியில் இரண்டு பேரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். நான் வழக்கம்போல ஏதோ பகிடி விட்டேன். மச்சாள் தலை நிமிரவில்லை.

"ஊரை விட்டு எல்லாரும் வெளிக்கிட்ட அண்டைக்கு ஒண்டும் வைக்கேல்லை பிள்ளை. ஷெல் விழுகுது, ஓடு ஓடு எண்டு எல்லாரும் கத்துகினம். ஆரணிக்கு முதல் எனக்கு ஒரு பெடியன் இருந்தவன், தெரியும்தானே. போற வழியிலை காய்ச்சல் வந்தது. அவ்வளவுதான்."

அதன்பின் நான் பகிடி விடுவதைக் குறைத்துக்கொண்டேன். முழுதாக நிறுத்தவில்லை. நிறுத்தினால் மச்சாளுக்கு இன்னும் நோகும் என்று எனக்குப் பட்டது.

ஆரணி படித்து முடித்து அமெரிக்காவில் வேலை எடுத்தாள். அவள் இருந்த நகரத்திலிருந்து இரண்டு மணித்தியாலம் காரில் போனால் பாலைவனம். அதில் ஒரு பெரிய பகுதி தேசியப் பூங்கா. ஒரு வசந்த விடுமுறைக்கு மச்சாளும் அண்ணையும் நாங்கள் இருவரும் அவளிடம் போயிருந்தோம். ஒருநாள் முழுக்க அங்கே நடக்கலாம் என்றாள் ஆரணி. பூங்கா என்றதும் மச்சாள் ரோசாச் செடியும் உட்கார வாங்குப் பலகையும் இருக்கும் என்று நினைத்துவிட்டார். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டுச்சம்பலும் பொதி பொதியாகக் கட்டினார். போய் இறங்கினால் கண்ணுக்கு எட்டிய தூரம் கல்லும் மணலும் கள்ளியும். "இதைப் பாக்கவே இவ்வளவு காசு குடுத்து வந்தனாங்கள்?" என்று மச்சாள் கேட்க, அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணை அதிகம் பேசாத மனிதர். வெள்ளைத் தொப்பியும் கழுத்தில் கமராவுமாக அன்றைக்கு ஒரு பெடியனைப் போலத் துள்ளிக்கொண்டு நின்றார்.

மச்சாள் கைப்பையைத் திறந்து ஒரு தாள் சுருளை எடுத்தார். உள்ளே மஞ்சள்தூள்.

"நொட் நவ் அம்மா" என்றாள் ஆரணி. "வெயில் ஏற முந்தி நடக்கவேணும். தண்ணியையும் உதிலை ஊத்தாதேங்கோ. கொண்டுவந்தது குடிக்க மட்டும்தான் காணும்."

அவள் சொன்னது நியாயம்தான். மச்சாள் சுருளைத் திரும்பவும் மடித்து வைத்தார். முகம் மட்டும் சுருங்கிப்போனது.

பாதை என்று ஒன்று இல்லை. காய்ந்துபோன ஆற்றுப் படுக்கை, இரண்டு பக்கமும் பாறை. திரும்ப வேண்டிய இடங்களில் பூங்காக்காரர் கல்லின்மேல் கல் வைத்து முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அந்தக் கற்குவியலைப் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும். முதல் குவியலைக் கண்டதும் மச்சாள், "பாத்தியளே, இஞ்சையும் ஆரோ பிள்ளையார் வைச்சிருக்கினம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அது வழி காட்டுற அடையாளம்" என்று அண்ணை விளங்கப்படுத்தினார். "வழி காட்டினால் அவர்தானே" என்றார் மச்சாள். அண்ணை கள்ளிப் பூவைப் படம் எடுக்க முன்னால் போய்விட்டார். ஆரணியும் அவரோடு போனாள்.

கொஞ்ச நேரத்தில் என் கணவர் ஒரு கல்லில் வழுக்கிக் காலை மடக்கிக்கொண்டார். பெரிய காயமில்லை, ஆனால் கணுக்கால் வீங்கத் தொடங்கியது. "பாத்தீரே. வைக்காமல் வெளிக்கிட்டம்" என்று மச்சாள் என் காதுக்குள் சொன்னார். நான் கணவரின் காலுக்குச் சால்வையைக் கட்டிக்கொண்டிருந்தபோது மச்சாள் ஒதுங்கிப் போனார். ஆற்றுப் படுக்கை வலப்பக்கம் வளையும் அந்த இடத்தில், இடப்பக்கம் ஒரு ஒடுங்கிய பாறை இடுக்குப் பிரிந்து போனது. அதன் வாசலில் தட்டையாக ஒரு கல். அதன்மேல் சின்னக் கற்களாகப் பொறுக்கி ஒன்றின்மேல் ஒன்று வைத்தார். உச்சியில் ஒரு விரல் மஞ்சள்தூள் தடவினார். காய்ந்த புல் இரண்டு இழை வைத்தார்.

"பாதையோரமா வைக்கலாமே மச்சாள். ஏன் அவ்வளவு தூரம் போறியள்?" என்று கேட்டேன்.

"ஆக்கள் நடக்கிற இடத்திலை வைக்கக்கூடாது. கால் படாத இடமாய் இருக்கவேணும்."

அந்தப் பெரிய பாலைவனத்தில் எல்லாமே கால் படாத இடம்தானே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவர் முகம் தெளிந்திருந்தது. அதுவே போதும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு பாறை நிழலில் எல்லோரும் சேர்ந்து புட்டுச் சாப்பிட்டோம். அந்த வெயிலில் புட்டு தொண்டையில் நின்றது. மச்சாள் திட்டு வாங்கினார், சிரித்தார். திரும்பும்போது என் கணவர் இரண்டு பக்கமும் எங்களைப் பிடித்துக்கொண்டு ஆமை வேகத்தில் நடந்தார். அண்ணைக்குப் பாவமாக இருந்தது. "நான் முன்னுக்குப் போய்க் காரிலை ஏசி போட்டு வைக்கிறன். நீங்கள் ஆறுதலா வாங்கோ" என்று ஆரணியிடம் சாவியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார். வெள்ளைத் தொப்பி ஒரு வளைவில் மறைந்தது. நாங்கள் பின்னால் ஊர்ந்தோம். மச்சாள் கல் அடுக்கிய இடம் வந்தபோது அவர் ஒரு கணம் நின்று, இடுக்குப் பக்கம் திரும்பிக் கைகூப்பிவிட்டு வந்தார்.

காரடிக்கு வந்தோம். கார் நின்றது. அண்ணை இல்லை.

முதலில் யாரும் பதறவில்லை. எங்கேயோ பூப் படம் எடுக்கிறார் என்றோம். பிறகு ஆரணி வந்த வழியே கொஞ்சத் தூரம் ஓடிப்போய்க் கூப்பிட்டாள். பிறகு எல்லோரும் கூப்பிட்டோம். போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. கார்ச் சாவி அண்ணையிடம். தெருவில் வந்த ஒரு வாகனத்தை மறித்து ஆரணி பூங்காக்காரரிடம் போய்ச் சொன்னாள். அவர்கள் உடனே வந்தார்கள், பாவம், ஓடி ஓடித் தேடினார்கள். வெயில் சாய்வதற்குள் அண்ணையைக் கண்டெடுத்தார்கள். அந்த ஒடுங்கிய இடுக்குக்குள் நெடுந்தூரம் போய், வழி முடிந்து, திரும்பப் பார்த்துத் தடுமாறி, ஒரு பாறை நிழலில் சாய்ந்து இருந்திருக்கிறார். போத்தலில் தண்ணீர் இல்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

பூங்காவில் வேலை செய்கிற ஒரு இளம் பெண் ஆரணியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். அந்த இடுக்கின் வாசலில் யாரோ கல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அது பூங்காக்காரர் வைத்ததல்ல. உச்சியில் மஞ்சளாக ஏதோ பூசியிருக்கிறது. அதைத்தான் உங்கள் அப்பா பாதை என்று நினைத்திருக்க வேண்டும். விளையாட்டுக்கு இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், எவ்வளவு சொன்னாலும் கேட்கிறார்கள் இல்லை.

ஆரணி என்னைப் பார்த்தாள். தாயின் மஞ்சளை அவளுக்குத் தெரியாதா? மச்சாள் கொஞ்சம் தள்ளி, கதவு திறந்த பூங்கா வாகனத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

அடுத்த நாள் காலை ஆரணி என்னைக் குளியலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். "மாமி, அம்மாவுக்கு இது தெரியக்கூடாது. தெரிஞ்சால் அம்மா உயிரோடை இருக்கமாட்டா. ப்ரொமிஸ் பண்ணுங்கோ." பண்ணினேன். என் கணவரும் பண்ணினார். வேறென்ன செய்வது?

மச்சாள் செவன் கிங்ஸுக்குத் தனியாகத் திரும்பினார். ஆரணி அங்கேயே நின்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையில் போன் எடுப்பாள். சாப்பிட்டியளா, மருந்து போட்டியளா, சரி அம்மா, வைக்கிறன். முடிந்தது. முன்பெல்லாம் தாயும் மகளும் மணிக்கணக்கில் கதைப்பார்கள், கொத்தமல்லி விலை வரை கதைப்பார்கள். சொந்தக்காரர் வாய் சும்மா இருக்குமா? பெட்டைக்கு நெஞ்சிலை ஈரமில்லை, தாயைத் தனிய விட்டிட்டாள் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆரணியை ஏசவென்றே ஒருநாள் போன் எடுத்தேன். அவள் அழுதாள். "கூடக் கதைச்சால் வாய் தவறிச் சொல்லிப்போடுவன் எண்டு பயமாயிருக்கு மாமி. அம்மாவின்ரை முகத்தைப் பாத்தால் எனக்கு அந்தக் கல்லுத்தான் தெரியுது." அதற்குமேல் நான் என்ன ஏசுவது. அந்த இரண்டு பேரும் ஒருவருக்கு ஒருவர் மட்டும்தான் மிச்சம். அதுவும் கண்முன்னால் அறுந்துகொண்டு போனது.

மச்சாள் பிள்ளையார் பிடிப்பதை விட்டுவிட்டார். முதல் வருடம் சாவுத் துடக்கு என்று நினைத்தேன். ஆட்டைத் திவசம் முடிந்தது. பிறகும் இல்லை. கேட்டால், "இனி எனக்கு என்ன தொடக்கம் இருக்கு" என்று பேச்சை மாற்றுவார்.

நாங்கள் ஸ்ட்ரெதமில் வீடு வாங்கினோம். பால் காய்ச்சுகிற நாள், மச்சாள்தான் வந்து பிள்ளையார் வைக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். வந்தார். குசினியில் பெட்டிகளுக்கு நடுவே சம்மணமிட்டு இருந்தார். கிண்ணத்தில் மஞ்சள்தூளைப் போட்டுத் தண்ணீரும் விட்டார். கை அதற்குமேல் போகவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீர் பிடியும்."

"எனக்கு வடிவா வராது மச்சாள்."

"வடிவு ஆருக்கு வேணும். பிடியும்."

நான் பிடித்தேன். கோணலாக ஒன்று வந்தது. பால் பொங்கியது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, மனம் கேளாமல், "பிள்ளையாரோடை கோவமே மச்சாள்?" என்று கேட்டேன்.

"அவரோடை எனக்கென்ன கோவம். பேசாமல் இருந்தவரைக் கொண்டுபோய் வழியிலை வைச்சது நானெல்லோ."

என் கையில் இருந்த சட்டி தொட்டிக்குள் விழுந்தது.

"என்ன கதைக்கிறியள் மச்சாள்?"

"நடிக்காதையும். அந்தப் பூங்காப் பெட்டை சொன்னது எனக்கும் கேட்டது. இவ்வளவு வருசம் வெள்ளைக்காரரோடை கடையிலை நிண்டனான், உவ்வளவு இங்கிலீசு விளங்காதே எனக்கு?" அவர் அழவில்லை. துணியால் கோப்பைகளைத் துடைத்துத் துடைத்து அடுக்கினார். "திரும்பி வரேக்கை நிண்டு கும்பிட்டனான் பிள்ளை. அவர் உள்ளுக்கை எங்கையோ நிக்கிறார். நான் வெளியிலை நிண்டு கல்லைக் கும்பிட்டிட்டுப் போறன். ஒருக்கால் பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்."

நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழறி அழுதேன். பிறகு சொன்னேன். "இப்பவே ஆரணிக்கு எடுப்பம். நீங்கள் தாங்கமாட்டியள் எண்டு பயந்துதான் அவள் கதைக்காமல் இருக்கிறாள். உங்களுக்குத் தெரியும் எண்டால் அவளுக்குப் பாரம் இறங்கும். ரெண்டு பேரும் பழையபடி கதைக்கலாம்."

மச்சாள் என் வாயைப் பொத்தினார். ஈரக் கை.

"வேண்டாம். அண்டைக்குக் காலமை காரடியிலை என்னை வைக்க விடாதது ஆர்? தண்ணி ஊத்தாதேங்கோ எண்டு சொன்னது ஆர்? நான் அவளைக் குறை சொல்லேல்லை. அவள் சொன்னது சரி. ஆனால் அவள் அதை இன்னும் நினைக்கேல்லை. இப்ப அவளுக்கு என்னைக் காப்பாத்திற வேலை இருக்கு. எனக்குத் தெரியும் எண்டால் அந்த வேலை முடிஞ்சிடும். பிறகு தன்னைத்தான் பாப்பாள். காலமை அம்மாவை விட்டிருந்தால், ஒரு சொட்டுத் தண்ணி குடுத்திருந்தால் எண்டு தொடங்குவாள். அது பிடிச்சால் விடாது. எனக்குத் தெரியும்."

"அதுக்காக இப்பிடியே தனியக் கிடக்கப் போறியளோ?"

"கிடக்கிறன். ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறாள்தானே."

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. தாய் என்றால் இப்படியா? ஒரு வீட்டை நிரப்ப வேண்டிய பேச்சையெல்லாம் விழுங்கிக்கொண்டு, சாப்பிட்டியளா மருந்து போட்டியளா என்ற இரண்டு கேள்விக்காக ஒரு கிழமை முழுக்கக் காத்திருப்பதா? சண்டை பிடித்தேன். கெஞ்சியும் பார்த்தேன். கடைசியில் அவரும் என்னிடம் சத்தியம் வாங்கினார். மகளுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று. நடுவில் நான்.

பிறகு மச்சாள் அதிக காலம் இருக்கவில்லை. வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. இரண்டாம் முறை வந்தபோது போய்விட்டார். ஆரணி வந்து சேர முன்பே முடிந்துவிட்டது.

செத்தவீட்டில் ஆரணி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சொந்தக்காரர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தகனம் முடிந்து வெளியே வந்ததும் கார் தரிப்பிடத்தில் அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"மாமி, அம்மாவுக்குக் கடைசிவரைக்கும் தெரியாதுதானே?"

இப்போதாவது சொல்லிவிடலாம், மச்சாள்தான் போய்விட்டாரே என்று ஒரு மனம் சொன்னது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"தெரியாது பிள்ளை."

"ஷுவரா?"

"சத்தியமாத் தெரியாது. அம்மா நிம்மதியாத்தான் போனவ."

அப்போதுதான் அவள் அழுதாள். அங்கேயே நிலத்தில் குந்திக்கொண்டு, அம்மா அம்மா என்று. "அப்ப நாங்கள் சரியாத்தான் செய்திருக்கிறம், என்ன மாமி?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை என்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மச்சாளைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. இதுவரை துணிவு வரவில்லை. ஆரணிக்குத் தமிழ் நன்றாகக் கதைக்க வரும், வாசிக்க வராது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அரிவரி வகுப்போடு நின்றுவிட்டாள். மச்சாளுக்கு அது சாகும்வரை ஒரு குறை. எனக்கு இன்று அந்த ஒன்றுதான் துணை. இதை வாசிக்கிற நீங்கள் யாரும் அவளுக்கு இதை வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.